குழல் பாய்மரமும் அதன் புகழும்

சொந்தமாகப் பாய்மரப் படகு கட்டுகிறவர்கள் எழுதும் கையேடுகளில் ஒரு புகைப்படம் திரும்பத் திரும்ப வரும். நீளமான பெஞ்சு. அதன்மேல் எட்டு மெல்லிய சட்டங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, முனையிலிருந்து பார்த்தால் காற்றாடி மாதிரி, நடுவில் ஒரு ஓட்டை. சுற்றிலும் இருபது முப்பது ஹோஸ் கிளாம்ப்போ கயிற்றுக் கட்டோ. பசை பிதுங்கி நிற்கும். ரொம்ப அழகான படம், எனக்கும் பிடிக்கும். என் சண்டை அந்தப் படத்தோடு இல்லை, அதன் கீழே வரும் வாக்கியத்தோடு. கெட்டி மரத்தில் பாதி எடைதான், ஆனால் பலம் அதேதான் என்கிற பொருளில் ஏதாவது ஒன்று கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும்.

இதைச் சும்மா விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் இந்த வாக்கியத்தை நம்பித்தான் ஒருவர் இரண்டு மாத வார இறுதிகளைச் செலவழிக்கிறார். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி அந்த மரம் தளத்துக்குப் பக்கத்தில் முறிந்தால் தண்ணீரில் நிற்பதும் அவர்தான்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் பேர்ட்ஸ்மவுத் என்று பெயர், பறவைவாய். பெயர் கூரைத் தச்சிலிருந்து வந்தது. கைமரம் சுவரின் மேல் கட்டையில் உட்கார, அதன் அடியில் ஒரு மூலை வெட்டுவார்கள் இல்லையா, அந்த வெட்டுக்கு அங்கே இதே பெயர். பாய்மரத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், ஒவ்வொரு சட்டத்தின் ஒரு விளிம்பில் மட்டும் நீளவாக்கில் 90 பாகை அளவுக்கு 'வி' வடிவ வாய் வெட்டுகிறார்கள். மறு விளிம்பு சதுரமாகவே இருக்கும். ஒன்றின் சதுர விளிம்பு அடுத்ததன் வாய்க்குள் போய் உட்காரும். எட்டுச் சட்டங்கள் சேர்ந்தால் தானாகவே எண்கோணக் குழல் ஆகிவிடும். துருத்தும் மூலைகளை இழைத்துத் தள்ளினால் உருண்டை. சட்டத்தின் கனம் பாய்மர விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அகலம் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சுவர் விட்டத்தில் ஐந்தில் ஒன்று என்றால் உள் ஓட்டை விட்டத்தில் 60 சதவீதம். எடை விட்டத்தின் இருமடிப் பெருக்கத்தோடு போகிறது, 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 0.36. அதாவது 36 சதவீத மரம் போயிற்று. வளையாமல் நிற்கும் விறைப்பு நான்மடிப் பெருக்கத்தோடு போகிறது. 0.6-ஐ நான்கு முறை பெருக்கினால் சுமார் 0.13. வெளி விட்டம் மாறாதவரை வளைவைத் தாங்கும் பலமும் இதே 13 சதவீதம்தான் குறையும். 36 கொடுத்து 13 இழப்பது நல்ல பேரம்தான். ஆனால் பாதி எடையும் இல்லை, அதே பலமும் இல்லை. அதே பலம் வேண்டுமென்றால் விட்டத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும். அப்போது மிச்சமாகும் எடை 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வந்துவிடும்.

இதுவரை உள்ளது சின்னப் புகார்தான். பெரியது இனிமேல்.

தாங்கு கம்பிகள் இல்லாமல் தன் காலில் நிற்கும் சின்னப் படகுப் பாய்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் நீளம், அடியில் 75 மி.மீ., உச்சியில் 45 மி.மீ. என்று வைப்போம். மரத்தின் எடை கன மீட்டருக்கு 450 கிலோ. ஸ்ப்ரூஸுக்கும் டக்ளஸ் ஃபருக்கும் நடுவில் ஒரு எண். ஒரே பருமனில், 75 மி.மீ. கெட்டி உருளையாக விட்டால் கிட்டத்தட்ட 10 கிலோ. அதையே அடியிலிருந்து உச்சிவரை சீராகக் கூம்பாக இழைத்தால் 6.5 கிலோ. வெறும் இழைப்புளியால் 35 சதவீதம் போய்விட்டது. ஓட்டை போடவில்லை, பசை வைக்கவில்லை, எட்டுச் சட்டம் இல்லை. அதைவிட முக்கியம், எடை போன இடம் உச்சி. படகைச் சாய்ப்பதும் ஆட்டுவதும் அங்கே இருக்கும் எடைதான். வளைவுச் சுமை உச்சியை நோக்கிக் குறைந்துகொண்டே போவதால் அங்கே பருமனும் தேவையில்லை.

குழலாக்குவது தருகிற அதே அளவு லாபத்தைக் கூம்பாக்குவது தருகிறது. ஆனால் நான் படித்தவற்றில் கூம்புக்கு ஒரு பத்தி, பறவைவாய்க்குப் பத்துப் பக்கம். படம் எடுத்தால் கூம்பு தெரியாது, அதனால்தானோ என்னவோ.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமே என்பீர்கள். சேர்த்துத்தான் செய்கிறார்கள், சிக்கலும் அங்கேதான். சட்டங்களின் சதுர விளிம்பை உச்சியை நோக்கிக் குறுக்கிக்கொண்டே போனால் குழலும் குறுகும். வாய் வெட்டிய விளிம்பைத் தொட வேண்டியதில்லை. இதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள், வசதிதான். ஆனால் இப்படிக் குறுக்கும்போது அகலம்தான் குறைகிறது, கனம் குறையவில்லை. அடியில் 75 மி.மீ. விட்டத்துக்கு 15 மி.மீ. சுவர், ஓட்டை 45. உச்சியில் 45 மி.மீ. விட்டத்துக்கும் அதே 15 மி.மீ. சுவர், ஓட்டை வெறும் 15. அங்கே போன மரம் 11 சதவீதம்தான்.

நான் ஒரு மீட்டர் நீளத்தில் மாதிரி ஒன்று ஒட்டி இரண்டு முனையையும் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். அடி முனையில் குழல். மேல் முனையில் ஒரு பென்சில் நுழையும் துளையுள்ள கட்டை. முழு 5 மீட்டர் மரத்துக்குக் கணக்குப் போட்டால் மேல் பாதியில் மிச்சமாவது 19 சதவீதம். 36 என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், எடை குறைய வேண்டிய இடத்தில் கிடைப்பது அதில் பாதி. மொத்தத்தில் 6.5 கிலோ 4.8 கிலோ ஆகிறது.

இதற்கு மாற்று இருக்கிறது. சட்டத்தின் கனத்தையும் உச்சியை நோக்கி 15-லிருந்து 9 மி.மீ. வரை மெலிய இழைத்து, வாயின் ஆழமும் கூடவே குறைந்து வரும்படி வெட்டலாம். ஆனால் அதற்கு ரூட்டரை ஒரு உயரத்தில் வைத்துவிட்டுச் சரசரவென்று எட்டுச் சட்டத்தையும் தள்ள முடியாது. சாய்வான தாங்கி ஒன்று செய்து, ஒவ்வொன்றையும் அளந்து வெட்ட வேண்டும். பறவைவாயின் பெருமையே வேலை சுலபம் என்பதுதான். அந்தச் சுலபம் போய்விட்டால் பேச்சு வேறு. கையேடுகள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போவது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடுத்தது, மரம் எங்கே முறியும் என்பது.

தாங்கு கம்பி இல்லாத பாய்மரம் மேல்தளத்தில் உள்ள துளை வழியாக இறங்கி, படகின் அடியில் ஒரு குழியில் நிற்கிறது. காற்று பாயைத் தள்ளும் விசை தளத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளியில் விழுகிறது என்று கொள்வோம். தளத்துக்கும் அடிக்குழிக்கும் நடுவே 40 செ.மீ. ஒரு நெம்புகோல்தான் இது, நீளக்கை 200 செ.மீ., குட்டைக்கை 40. பாயில் 50 கிலோ தள்ளினால் அடிக்குழி 250 கிலோவால் எதிர்த்துத் தள்ள வேண்டும். தளத்துளையின் விளிம்பு 300 கிலோவைத் தாங்க வேண்டும். ஏழு சதுர மீட்டர் பாயில் பலமான காற்றடித்தால் 50 கிலோ ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஆக, தளத்துக்குக் கீழே உள்ள அந்த 40 செ.மீ. துண்டுக்குள் மரத்தின் நார்களை நீளவாக்கில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசை, தளத்துக்கு மேலே இருப்பதைப் போல 5 மடங்கு. மரம் நாருக்குக் குறுக்கே முறிய எளிதில் சம்மதிக்காது. நாரோடு நாராகப் பிளக்கச் சொன்னால் உடனே பிளந்துவிடும், விறகு வெட்டியவர்களுக்குத் தெரியும். குழலில் அந்த விசையைத் தாங்க இருப்பது இரண்டு பக்கச் சுவர்களும் பசைக் கோடுகளும் மட்டுமே. போதாததற்குத் தளத்துளையின் விளிம்பு 300 கிலோவோடு ஒரே இடத்தில் அழுத்துகிறது. உருண்டைக் குழல் அங்கே நசுங்கி நீள்வட்டமாகப் பார்க்கும், சுவர் நீளவாக்கில் விரியும்.

அதனால் அடிப்பாகத்தைக் கெட்டியாக விடவேண்டும். உள்ளே ஒரு கட்டையைச் செருகி ஒட்டுவது வழக்கம், கையேடுகளிலும் இது வரும். ஆனால் பெரும்பாலும் அடி முனையில் கொஞ்சம், உச்சியில் கயிற்றுக் கப்பி வரும் இடத்தில் கொஞ்சம் என்று போகிற போக்கில். எவ்வளவு நீளம் என்பதுதானே கேள்வி! கட்டை தளத்துளையைத் தாண்டி நன்றாக மேலே வரவேண்டும். அதன் மேல்முனை தட்டையாக முடியவே கூடாது. தட்டையாக முடிந்தால் விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் ஒரே கோட்டில் சந்திக்கும், அடுத்த முறிவு அந்தக் கோட்டில்தான். மீன்வால் மாதிரி முனையை ஆழமாக இரண்டாகப் பிளந்து வெட்டினால் விறைப்பு படிப்படியாகக் குறையும். பழைய தச்சர்களின் வழக்கம் இது. பூம் வந்து மோதும் இடம், கொக்கி திருகும் இடம், எங்கெல்லாம் சுவரில் துளை விழுகிறதோ அங்கெல்லாம் உள்ளே கட்டை வேண்டும். ஒட்டி முடித்த பிறகு வைக்க முடியாது. அதாவது முதல் சட்டத்தை அறுப்பதற்கு முன்பே பாயின் எல்லாக் கயிறுகளும் எங்கே வரும் என்று முடிவாகியிருக்க வேண்டும்.

மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மூங்கிலும் குழல்தான். நார் அடர்த்தி வெளிப்பக்கம் அதிகம், உள்பக்கம் குறைவு, பாரம் எங்கே விழுமோ அங்கே சரக்கு. ஆனால் அது வெறும் குழல் இல்லை, முழத்துக்கு ஒரு கணு, கணுவுக்குள் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புதான் குழலை நசுங்கவிடாமல் வைக்கிறது. மூங்கில் கெட்டுப்போவதும் இதே விதத்தில்தான், முறிவதற்கு முன் நீளவாக்கில் வெடிக்கும். அதனால்தான் மூங்கில் கழியைப் பாரத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் கயிற்றால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். பறவைவாய்ப் பாய்மரத்துக்கும் தளத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து இரண்டு சுற்றுச் சுற்றினால் நல்லது.

நார்மன் ஸ்கீன் 1904-இல் வெளியிட்ட படகு வடிவமைப்பு நூல் பிறகு பல பதிப்புகள் கண்டது. அந்த மரபில் பாய்மரக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தாங்கு கம்பியுள்ள மரத்துக்கு, படகு 30 பாகை சாயும்போது அது நிமிர எவ்வளவு முயல்கிறது என்ற எண்ணிலிருந்து தொடங்கும். படகு எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவுதானே பாய்மரத்துக்குச் சுமை. அதிலிருந்து அழுத்தம், அதிலிருந்து மரத்தின் பருமன். படகு முதலில், மரம் பிறகு. இன்றைய பறவைவாய்க் கையேடு விட்டத்தைக் கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொண்டு சட்டத்தின் அகலத்துக்குத் தாவிவிடுகிறது. மரவேலைக் குறிப்பு என்ற அளவில் அது தப்பில்லை. ஆனால் பலத்தைப் பற்றிப் பேசும் உரிமையை அது எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது?

எடையைப் பற்றியும் இப்படிப் படகிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். 3 மீட்டர் நீளம், 50 மி.மீ. விட்டம், ஒரு குட்டிப் படகின் பாய்மரம். கெட்டியாகச் செய்தால் 2.65 கிலோ. முழுக்கக் குழலாக்கினால் ஒரு கிலோ மிச்சம். படகு 20 பாகை சாய்ந்திருக்கும்போது அந்த ஒரு கிலோ செய்யும் வித்தியாசத்தை ஈடுகட்ட, 75 கிலோ எடையுள்ள ஆள் 7 மி.மீ. நகர்ந்து உட்கார்ந்தால் போதும். மூச்சை இழுத்துவிட்டாலே போதும் போல! இதே கணக்கை 6 மீட்டர், 90 மி.மீ. மரத்துக்குப் போட்டால், 17 கிலோவில் 6 கிலோ மிச்சம், ஆள் நகரவேண்டியது 8 செ.மீ. இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். தனியாளாகக் கரையில் நின்று மரத்தைத் தூக்கி நட்டுகிறவருக்கு அந்த 6 கிலோ முதுகிலும் தெரியும். ஆக, எனக்குத் தோன்றுவது இதுதான்: நாலு மீட்டருக்குக் கீழே கெட்டி மரம், நன்றாகக் கூம்பாக இழைத்து, வார்னிஷ் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

1962-இல் வந்த மிரர் படகை நினைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கட்டுவதற்கென்றே ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்தது. ஒரே நீள மரத்துக்குப் பதிலாகக் குட்டையான பாய்மரமும் அதன்மேல் ஏறும் இன்னொரு கழியுமாகப் பிரித்தார்கள். எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். நீள மரம் என்ற பிரச்சினையையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பறவைவாயை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். அதற்கு உண்மையான பெருமை இரண்டு உண்டு, இரண்டையும் அதன் ரசிகர்களே போதிய அளவு சொல்வதில்லை. ஒன்று, ஒட்டும்போது வழுக்காது. சாய்வாக வெட்டிய எட்டு விளிம்புகளைப் பசை தடவிச் சேர்த்து இறுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றை அழுத்தினால் இன்னொன்று வெளியே வரும். பறவைவாயில் ஒவ்வொரு சட்டமும் அடுத்ததன் வாய்க்குள் மாட்டிக்கொள்வதால் இறுக்க இறுக்க வடிவம் சரியாகிக்கொண்டே வரும். பசைப் பரப்பும் அதிகம். இது ஒட்டும் வேலைக்கான தீர்வு, ரொம்பப் புத்திசாலித்தனமான தீர்வு.

இரண்டாவது, மரக்கடையில் நடப்பது. ஐந்து மீட்டர் நீளத்தில், முடிச்சு இல்லாமல், நார் நேராக ஓடும் ஒரே கட்டை கிடைப்பது எங்கேயுமே கஷ்டம். கிடைத்தாலும் நடுக்குருத்து உள்ள கட்டை காயும்போது வெடிக்கும். ஆனால் 15 மி.மீ. கனமும் 30 மி.மீ. அகலமும் உள்ள சட்டம் சாதாரணப் பலகைகளிலிருந்தே கிடைக்கும். முடிச்சு வந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் ஒட்டிக்கொள்ளலாம். எட்டுச் சட்டத்தின் ஒட்டுகளும் ஒரே உயரத்தில் வராமல் மாற்றி மாற்றி வைத்தால் போதும். மரம் கிடைக்காத ஊர்களில் இது பெரிய வரம்.

நம்மூரில் யாராவது இறங்கினால் முதலில் தேக்குதான் கைக்கு வரும். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. தேக்கில் செய்த குழல் பாய்மரம், ஸ்ப்ரூஸில் செய்த கெட்டிப் பாய்மரத்தின் எடைக்குத்தான் வந்து நிற்கும். தேக்கின் எண்ணெய்ப்பசையால் ஒட்டுவதற்கு முன் கரைப்பானால் துடைக்கும் வேலையும் சேரும்.

நீளமான மரத்துக்குக் குழல்தான் என்று முடிவானாலும் பறவைவாய் ஒன்றே வழி இல்லை. நான்கு பலகைகளைப் பெட்டியாக ஒட்டும் பழைய முறை இருக்கிறது. வெட்டுக்கு விசேஷக் கருவி வேண்டாம். முன்பின்னாக அகலம் அதிகம் வைத்து, பக்கவாட்டில் குறைக்கலாம். பலகையின் உள்முகத்தை ஒட்டுவதற்கு முன் மேலே போகப்போக மெலிய இழைப்பது மிகச் சுலபம், பறவைவாயில் தலைவலியாக இருந்த அதே வேலை. உள்கட்டைகளை வைத்து, திறந்த பெட்டிக்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கடைசிப் பலகையை மூடலாம். காற்றுக்கு உருண்டை நல்லது, பெட்டியின் மூலைகளை உருட்டினாலும் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் சின்னப் படகின் வேகத்தில் அந்த நஷ்டத்தைவிட உச்சியில் போன எடை எனக்குப் பெரிது. பெட்டி மரத்தை யாரும் அட்டைப்படத்துக்கு எடுப்பதில்லை.

கடைசியாக, படத்தில் ஒருபோதும் வராத இடம், உட்புறம். மேலே சொன்ன 5 மீட்டர் மரம் தண்ணீரில் படுத்தால் 14.4 லிட்டர் தண்ணீரை விலக்கும். கெட்டி மரம் 6.5 கிலோ என்பதால் கிட்டத்தட்ட 8 கிலோ மிதப்பு. குழல் 4.8 கிலோ, மிதப்பு 9.6 கிலோ. கவிழ்ந்த படகு முழுசாகத் தலைகீழாகாமல் இருக்க இந்த மிதப்பு கொஞ்சம் உதவும், சரி. ஆனால் கயிற்றுக் கப்பிக்காகப் போட்ட துளை வழியாகவோ வெடித்த பசைக் கோடு வழியாகவோ தண்ணீர் உள்ளே போனால், குழலில் 3.8 லிட்டர் பிடிக்கும். மிதப்பு 5.8 கிலோவுக்கு இறங்கும், கெட்டி மரத்தைவிட மோசம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அந்த ஈரம் வெளியே வராது. வெளியே வார்னிஷ் பளபளக்கும், உள்ளே மரம் மக்கும். ஒட்டுவதற்கு முன்பே சட்டங்களின் உள்முகத்துக்கு எபாக்ஸி அடித்துவிட வேண்டும். அடியில் உள்கட்டை வழியாக விரல் கனத்தில் ஒரு துளை விட்டு, படகு கரையில் நிற்கும்போது திறந்து வைத்தால் உள்ளே போனது வடியும். நடுவில் வேறு உள்கட்டைகள் இருந்தால் அவற்றின் பக்கத்திலும் தண்ணீர் இறங்க வழி வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் குளம் தேங்கி நிற்கும்.